கேட் எக்ஸ்இ: டிராக் கணக்கில் நான் பிடித்த பிடி

கேட் தேர்வில் எக்ஸ்இ (இன்ஜினியரிங் சயின்சஸ்) தாளின் ரிசல்ட் வந்துவிட்டது, நிம்மதி. சூடு ஆறும் முன் எழுதிவிடுகிறேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எடுப்பவர்களுக்கு நான் அடித்துச் சொல்வது ஒன்றே: டிராக் (ஓட்டம் தரும் எதிர்ப்பு விசை) என்று பார்த்ததும் ஃபார்முலாவுக்குப் பாயாதீர்கள். அது உராய்வால் வருவதா, அழுத்தத்தால் வருவதா என்று ரஃப் ஷீட்டில் முதலில் எழுதுங்கள்.

மதுரை புது நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் சுறாத்தோல் பற்றிப் படித்தபோதுதான் இது எனக்குப் பிடிபட்டது. கோல்ஃப் பந்தின் குழிகள் ஓட்டத்தை டர்புலன்ட் (கொந்தளிப்பானது) ஆக்கி, அது பின்பக்கம் பிரிவதைத் தள்ளிப்போடும். குறைவது அழுத்த டிராக். சுறாத்தோலில் ஓட்டத்தின் திசையிலேயே ஓடும் நுண்வரிகள் இருக்கின்றன. ஏற்கெனவே டர்புலன்டான ஓட்டத்தில் அவை சுவரோரச் சுழல்களைப் பள்ளத்துக்குள் இறங்கவிடாது. குறைவது உராய்வு, மிஞ்சினால் 8 சதவீதம். 1987 அமெரிக்கா கோப்பை பாய்மரப் படகுப் போட்டியை வென்ற ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் படகின் அடியில் ஒட்டியது இப்படி வரியிட்ட ஃபிலிம்தான்.

வரி எவ்வளவு நெருக்கம்? கணக்குப் போட்டே பாருங்கள். தண்ணீரில் வேகம் 5 மீ/வி, உராய்வுக் கெழு 0.003 என்றால் உராய்வுத் திசைவேகம் (வேகம் × √(கெழு/2)) சுமார் 0.19 மீ/வி. சுவர் அலகில் (தண்ணீரின் இயக்கப் பாகுத்தன்மை ÷ உராய்வுத் திசைவேகம்) 15 இடைவெளி வேண்டும் என்றால் கிடைப்பது 0.08 மி.மீ., ஒரு தலைமுடிக் கனம். வேகம் கூடினால் வரி இன்னும் நெருங்க வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போட்டால் பாதி சாப்டர் ரிவைஸ் ஆகிவிடும்.

தாமரை இலை வேறு வழி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஓர் இலை வாங்கி வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். வெள்ளித் தகடாய் மின்னும். அது இலைமேல் ஒட்டிய காற்றுப் படலம். தண்ணீர் அதன்மேல் வழுக்கிப் போகும். அழுத்தமும் கொந்தளிப்பும் கூடினால் காற்று போய்விடும், பலனும் போய்விடும்.

மற்றவை:
- தட்டைத் தகட்டின் உராய்வுக் கெழு ஃபார்முலாவில் வரும் எண்: லாமினாருக்கு (சீரான ஓட்டம்) 1.328, டர்புலன்டுக்கு 0.074. ரெனால்ட்ஸ் எண்ணின் (ஓட்டம் சீரானதா, கொந்தளிப்பா என்று காட்டும் எண்) அடுக்குகளோடு மனப்பாடம்.
- தேவைப்படும் பவர் வேகத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்கு) ஏற்பக் கூடும். மொத்த டிராக்கே 8 சதவீதம் குறைந்தாலும் அதே பவரில் வேகம் 2.8 சதவீதம்தான் கூடும்.
- கணிதப் பகுதி 15 மார்க், விடாதீர்கள்.
- திரையில் வரும் கால்குலேட்டரிலேயே பழகுங்கள். மவுஸால் கனமூலம் எடுக்க நேரம் பிடிக்கும்.