ஆசிரியை கொடுத்தனுப்பிய கடிதம்

கல்லூரி நாட்களை நினைவுகூரும் இம்மலரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் மாலை வேளைகளில் மறுஒளிபரப்பான 'லீவ் இட் டு பீவர்' என்ற கறுப்பு வெள்ளைத் தொடரைப் போல, பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பிள்ளையின் நெஞ்சு படும் பாட்டை உண்மையாகக் காட்டிய வேறொன்றை நான் கண்டதில்லை.

1957 ஒக்டோபர் 4 அன்று ஒளிபரப்பான முதற் கதையே ஒரு கடிதத்தைப் பற்றியது. மேஃபீல்ட் என்ற கற்பனை ஊரில் வாழும் பீவர் என்ற சிறுவன், வகுப்பாசிரியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கடிதம் தன்னைப் பள்ளியை விட்டு நீக்குவதற்கானது என்று நம்பி, அதைப் பெற்றோரிடம் காட்டாமலே வைத்திருக்கிறான். அண்ணன் வோலி, தாய் எழுதியதுபோல் ஒரு பதிலைத் தயாரித்துக் கொடுக்கிறான். தம்பிக்கு நல்ல அடி கிடைத்துவிட்டது என்ற செய்தியும் அதில் இருக்கிறது. உண்மை வெளியாகும் நேரத்தில் பீவர் ஒரு மரத்தில் ஏறி ஒளிந்துகொள்கிறான். ஆசிரியையோ, பள்ளி நிகழ்ச்சியில் காட்டுத் தீயைப் பற்றி எச்சரிக்கும் கரடியாக அவன் நடிக்க வேண்டுமென்று மட்டுமே கேட்டிருந்தார். ஆசிரியரின் கையெழுத்தைக் கண்டாலே தண்டனை என்று நடுங்கிய நம் தலைமுறைக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை.

தொடரை உருவாக்கிய ஜோ கொனலியும் பொப் மோஷரும் தம் சொந்தப் பிள்ளைகளின் பேச்சிலிருந்தும் குறும்புகளிலிருந்தும் கதைகளை எடுத்தார்கள். தபாலில் வரவழைத்த முதலைக் குட்டியைச் சகோதரர்கள் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் ஒளித்து வளர்க்கும் கதை அவற்றுள் புகழ்பெற்றது. கழிப்பறையைத் திரையில் காட்டத் தணிக்கையாளர்கள் தயங்கியதால், தொட்டி மட்டுமே காட்டப்பட்டது.

எனினும் என் மதிப்பில் தொடரின் உயிர் தந்தை வார்ட்தான். தன் தகப்பனார் கண்டிப்போடு வளர்த்ததை நினைவில் வைத்திருக்கும் அவர், பிள்ளைகளைக் கோபித்த பின்னர் மனைவி ஜூனோடு பேசி, தான் அவசரப்பட்டதாகத் தோன்றினால் அதைப் பிள்ளைகளிடமே ஒப்புக்கொள்வார். எங்கள் வீடுகளில் அன்பு குறைவாக இருந்ததில்லை. ஆயினும் பெரியவர் ஒருவர் சிறுவனிடம் அப்படிப் பேசுவதை நான் முதலில் பார்த்தது அத்திரையில்தான். மேஃபீல்டில் கறுப்பின மக்களை ஏறக்குறைய காணவே முடியாது என்பது பெருங்குறை. அக்கால அமெரிக்கப் புறநகர் முழுவதையும் இத்தொடரில் தேடக்கூடாது.

234 கதைகளுக்குப் பின் 1963 ஜூனில் தொடர் நிறைவுற்றது. பீவராக நடித்த ஜெரி மேதர்ஸ் ஒன்பது வயதில் தொடங்கிப் பதினைந்து வயது வரை கமெராவின் முன்னே வளர்ந்தவர். படப்பிடிப்பு வளாகத்திலேயே பாடம் படித்தவர். தொடரை விட்டு நீங்க அவர் விரும்பியதற்குக் காரணம், மற்றப் பிள்ளைகளைப் போல உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதே. அப்படியே அவர் பள்ளியிற் சேர்ந்து, அமெரிக்கன் ஃபுட்போல் அணியிலும் விளையாடினார்.