41 நொடி

ஆகஸ்ட் 17

காலை ஆறே முக்கால், பெருந்துறை பைபாஸ். விஜயமங்கலத்தில் ஒரு செய்திக்காகப் போய்க்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பிய பையன் ஒருவன் ரோட்டோரம் விழுந்து கிடந்தான், கால்மேல் பைக். வண்டியை நிறுத்தி இறங்கினேன். கேமரா எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

"ஏனுங்க தம்பி, அதக் கீழ வெச்சுப்போட்டு இந்தப் பைக்க ஒரு கை புடிங்க!"

தேங்காய் டெம்போக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் ஓடினேன். அப்புறம் 108 வந்தது.

அதே நாள், இரவு

மொத்தம் நாலு படம். முதல் படத்தின் நேரம் 6.44.10, நாலாவது 6.44.51. நாலாவதில் டெம்போக்காரர் என்னை நேராகப் பார்க்கிறார், வாய் திறந்திருக்கிறது.

பத்திரிகை டெஸ்கில் "முகம் தெரியற மாதிரி ஒண்ணும் இல்லையா?" என்றார்கள். இல்லை என்றேன். இருக்கிறது. இந்தப் பொய்க்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன், பத்து நிமிடம். மூன்றாவது படம் அச்சுக்குப் போனது.

ஆகஸ்ட் 19

தூக்கம் வரவில்லை. படமெடுப்பதா, உதவுவதா என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் போட்டோகிராபர் கெவின் கார்ட்டரிடம்தான் போவார்கள். 1993 மார்ச், பஞ்சத்தில் சூடானின் அயோட். தரையில் சுருண்ட குழந்தை, பின்னால் பிணந்தின்னிக் கழுகு. இருபது நிமிடம் காத்திருந்து எடுத்தார் என்று ஏசுகிறவர்கள், பிறகு அந்தப் பறவையைத் துரத்தினார் என்பதைச் சொல்வதில்லை. நோய் தொற்றும், குழந்தைகளைத் தொடாதே என்று அங்கே சொல்லியிருந்தார்களாம். அந்தப் படத்துக்கு 1994-இல் புலிட்சர் பத்திரிகை விருது வாங்கினார். அந்த ஜூலையிலேயே தற்கொலை, வயது 33. அந்தக் குழந்தை பஞ்சத்தைத் தாண்டிப் பிழைத்தது என்று 2011-இல் செய்தி வந்தது.

1985-இல் கொலம்பியாவில் எரிமலைச் சேற்றில் சிக்கிய சிறுமி ஓமைராவுக்கு வயது 13. ஃபிராங்க் ஃபோர்னியே படமெடுத்தார். இடிபாட்டில் மாட்டிய காலை விடுவிக்க அங்கே கருவியும் இல்லை, தண்ணீர் இறைக்கப் பம்பும் இல்லை. நம் கடலூரில் 2004 சுனாமிக்குப் பிறகு ஆர்கோ தத்தா எடுத்த படத்தில், மணலில் விழுந்து அழும் ஒரு பெண். ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். தூக்கிவிட உயிர் மிச்சமில்லை. அந்தப் படத்தை எடுக்காமல் விட்டிருந்தால்தான் தப்பு என்பேன்.

அயோடில் என்ன செய்திருக்கலாம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பைபாஸில் தெரியும். ஒரு பைக், அதைத் தூக்க ரெண்டு ஆள். ஒருத்தர் ஏற்கெனவே வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 20

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் படம் அனுப்பினேன். நல்லா வந்திருக்குன்னு டெஸ்கில் ஒரே பாராட்டு.

ஆகஸ்ட் 22

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று நாளாகத் தள்ளிப்போட்டது. பையனுக்குக் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே பெஞ்சில் அவன் அப்பா.

"நீங்கதான் படம் புடிச்சதுங்களா?"

"ஆமாங்க." திட்டட்டும் என்று நின்றேன்.

"பேப்பர்ல பார்த்தனுங்க. ரோட்டோரம் ஒரு செருப்பு கெடக்குது பாருங்க, அது பையனுதுங்க. போன வாரந்தான் ஈரோட்டுல வாங்குனது. எந்த எடம்னு சொன்னீங்கன்னா போயி எடுத்துட்டு வந்துருவனுங்க."

கேமராவில் முதல் படத்தைப் பெரிதாக்கினேன். பையன் கிடக்கும் பக்கத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு காட்டினேன். செருப்புக்குப் பின்னால் கிலோமீட்டர் கல். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கல்லில் இருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.