15 லட்சம் வருஷத்துச் சட்டை

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி மகன் எனக்கு ஒரு ஹூடி அனுப்பியிருந்தான். பள்ளத்தூருக்கு. அதுவும் பங்குனி மாதத்தில். கறுப்பு நிறம், உள்பக்கம் பொசுபொசுவென்று கம்பளித்துணி, வயிற்றில் இரண்டு கையையும் விடுகிற மாதிரி ஒரே பை. “போட்டு ஒரு போட்டோ அனுப்புங்க பெரியப்பா” என்று உத்தரவு வேறு.

நெஞ்சு முழுக்கக் கல் படம். ஆதிமனிதன் செய்த கைக்கோடரிகளாம். அருங்காட்சியகத்துப் புத்தகங்களில் வரைவார்களே, அந்தப் பாணி: ஒவ்வொரு கல்லுக்கும் முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். மேலே கூர், கீழே உருண்டை, ஓரமெல்லாம் சில்லு பெயர்த்த தழும்பு.

போட்டோ எடுக்க வெளிச்சம் வேண்டுமே என்று வளவுக்கு வந்தேன். தூணில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அப்பத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தது.

“ஏண்டா, காய்ச்சலா?”

“இல்ல அப்பத்தா, புதுச் சட்டை.”

“அதுக்கு எதுக்கு முக்காடு? கிட்ட வா.” மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டுப் படத்தில் விரலை வைத்தது. “இது பாதி ஒடஞ்சு போச்சே. பார்த்து வாங்கக் கூடாதா?”

எனக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் தம்பி மகன் போனில் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். 1863ஆம் வருஷம் மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்தில் இந்த மாதிரிக் கல் ஒன்றைக் கண்டெடுத்தார், அதற்கு முன்னால் ஆதிமனிதன் இந்தப் பக்கம் இருந்ததற்குப் பெரிதாக யாரும் சாட்சி காட்டியதில்லை என்றேன்.

“நம்ம சின்னவன் வீடு கட்டினானே, அந்தப் பல்லாவரமா? அவனுக்கு அஸ்திவாரம் தோண்டயில ஒண்ணும் கெடைக்கலையே.”

சரி, சின்னப்பா விட்டதை விடுவோம் என்று அதிரம்பாக்கத்துக்குத் தாவினேன். கொற்றலையாற்றுப் பக்கம். அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் வருஷம் வயது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலகத்தில் பல இடங்களில், பத்து லட்சம் வருஷத்துக்கும் மேலாக, கிட்டத்தட்ட இதே வடிவத்தில்தான் செய்திருக்கிறார்கள்.

அப்பத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “அம்புட்டு வருஷமா மாத்தவே இல்லையா? நீ நாலு வருஷத்துல மூணு மிக்சி மாத்திட்டியேடா” என்றது. இதற்கு என்ன பதில் சொல்வது?

அந்த நேரம் பார்த்துத் தெருவில் “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று குரல். எங்கள் பக்கம் இப்போது அபூர்வமாகத்தான் வருகிறார்கள். வருகிறவரும் மொபெட்டில் வருகிறார். எங்கள் வீட்டு அம்மி வழுவழுவென்று ஆகி மிளகாயே அரைபடாமல் நழுவிக்கொண்டிருந்ததால், அப்பத்தா உடனே ஆளைக் கூப்பிட்டுவிட்டது.

இரண்டாங்கட்டில் உட்கார்ந்து உளியை எடுத்தவர், என் நெஞ்சைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

“அண்ணே, கொஞ்சம் குனிங்க.”

குனிந்தேன். ஒவ்வொரு தழும்பாக விரலால் தடவிப் பார்த்தார். சட்டைக்குள் நான் இருக்கிறேன் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

“இது உளி வேலை இல்லண்ணே. கல்லாலயே கல்லை அடிச்சிருக்கான். இந்தப் பக்கம் ஒரு அடி, திருப்பிப்போட்டு அந்தப் பக்கம் ஒரு அடி. அதான் ஓரம் இப்படி நெளிஞ்சு போகுது. ஆனா இது நம்ம கருங்கல் இல்ல. கருங்கல்லை இப்படித் தட்டினா ஏடு ஏடாப் பெயராது, பொரிஞ்சு உதிரும்.”

தம்பி மகனுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “ஆமா பெரியப்பா, அதிரம்பாக்கத்துல பெரும்பாலும் குவார்ட்சைட்தான். யார் சொன்னா உங்களுக்கு?” என்றான். நான்தான் சொன்னேன் என்று சொல்ல வாய் வந்தது. பக்கத்திலேயே ஆள் இருந்ததால் முடியவில்லை.

“அவனுக்கு நம்ம அம்மியைக் கொத்தத் தெரியுமான்னு கேளு” என்றது அப்பத்தா, ஆதிமனிதனைப் பற்றி.

“இரும்பே இல்லாம எப்படி ஆச்சி கொத்துவான்?” என்று அவரே அவனுக்காகப் பரிந்து பேசினார். அப்புறம் பேச்சில்லை, டக் டக்கென்று வேலை நடந்தது. பொடியை ஊதிவிட்டு அம்மியைக் கழுவிக் காட்டினார். வரிசை தப்பாத புள்ளிகள். அப்பத்தா உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டியது. அது தலையாட்டுவது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

கூலி கொடுக்கப்போனபோது அவர் என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆச்சி, காசு வேண்டாம். அண்ணன் போட்டிருக்கிற சட்டையைக் கொடுத்துடுங்க. தொழில்காரன் படம் போட்டது, நான் போட்டாத்தான் பொருத்தம்.”

நான் கழற்றுவதற்குத் தயாராக ஜிப்பைத் தேடினேன். அதில் ஜிப்பே கிடையாது. அதற்குள் அப்பத்தா முந்திக்கொண்டது.

“காசை வாங்கிட்டுப் போப்பா. மார்கழி வந்தா நான் கோலம் போடயில போட்டுக்கணும். சாவிக்கொத்து வைக்க நல்ல பையா இருக்கு.”