நான் சொல்லாமல் விட்ட பாதி

"இது என்ன கதை?" என்றுதான் அந்தக் கறுப்பினப் பாட்டி கேட்டார். 2023-இல், நான் வேலை பார்க்கும் நூலகத்தில் நடந்தது. அன்று நான் சொன்ன பதில் இன்னும் என்னை விடவில்லை.

அவருடைய பேத்தி எடுத்த புத்தகம் ரிவர்ஸ் சாலமன் எழுதிய 'தி டீப்' என்ற குறுநாவல். அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட ஆப்பிரிக்கக் கர்ப்பிணிகளின் பிள்ளைகள் நீருக்குள்ளேயே பிறந்து ஒரு தனி இனமாகிறார்கள். அந்த இனத்துக்கு மறதிதான் நிம்மதி. முன்னோர் பட்ட வலி அத்தனையையும் யேட்டு ஒருத்தி மட்டும் நினைவில் சுமக்கிறாள். தாங்க முடியாமல் ஓடிப்போகிறவள் ஊரி என்ற பெண்ணைச் சந்திக்கிறாள். இருவருக்கும் இடையில் காதல் அரும்புகிறது.

கப்பல் வரைக்கும் சொன்னேன். காதலைச் சொல்லவில்லை.

"நம்ம வரலாறா? நல்லது, படிக்கட்டும்" என்று பாட்டி பேத்தியின் தோளைத் தட்டினார். பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தின வாரம் அவள் தனியாக வந்திருந்தாள். பெண்ணைக் காதலிக்கும் கறுப்பினப் பெண் வருகிற மாயக்கதை ஏதாவது இருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். ஒருவர் என்ன படிக்கிறார் என்பதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. நூலகத்தில் நாங்கள் கற்கும் முதல் பாடமே அதுதான். அதனால் வாயைக் கட்டிக்கொண்டேன். சரிதானே?

ஆனால் பாட்டி கேட்டது பேத்தியைப் பற்றி இல்லை, புத்தகத்தைப் பற்றி. ஊரி ஓர் ஆணாக இருந்திருந்தால் "அழகான காதலும் உண்டு" என்று நானே சேர்த்திருப்பேன். பால்புதுமையினர் (எல்ஜிபிடி) எழுத்துக்கான லாம்ப்டா விருதை 2020-இல் வாங்கிய புத்தகத்தில் மறைக்க என்ன இருக்கிறது? பயம் இருந்தது, மறுக்கவில்லை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் 4,240 தலைப்புகளை நீக்கவோ கட்டுப்படுத்தவோ கோரிக்கை வந்ததாக அமெரிக்க நூலகச் சங்கம் கணக்கெடுத்தது. எங்கள் கவுன்டருக்கும் புகார்கள் வந்துகொண்டிருந்தன.

அந்தப் பெண்ணின் பார்வையை எத்தனையோ விதமாகப் படித்துப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் அது நன்றியாகத் தெரிகிறது. இன்னொரு நாள், 'இவங்களுமா இதை மறைக்கணும்னு நினைக்கிறாங்க' என்று கேட்பதாகத் தெரிகிறது. பாட்டிக்கு இது பிடிக்காது என்று நானே எப்படி முடிவு செய்தேன் என்பதும் விளங்கவில்லை. வயதையும் கழுத்தில் கிடந்த சிலுவையையும் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

நாலே நாளில் புத்தகம் திரும்பிவிட்டது. அப்புறம் ஒரு மாதம் கழித்துப் பாட்டி தனியாக வந்தார்.

"அதே ஆள் எழுதினது வேற இருக்கா? எனக்குத்தான்."

எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை என்ன கதை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.