எட்டரை மணி மழைக்கணக்கு

காலை எட்டரைக்கு மழை அளக்க வேண்டும் என்பது, நீலகிரியில் நாம் படித்த பள்ளியில் பூகோள சார் வைத்த விதி. எட்டாம் வகுப்புக்கு மேல் படித்த நம் எல்லோருக்கும் அந்த முறை வந்திருக்கும். கொடிக்கம்பத்துக்குப் பின்னால், பலாமரம் எட்டாத வெட்டவெளியில், தரையில் பதித்து வைத்திருந்த தகர மழைமானி உங்களுக்கு நினைவிருக்கிறதா? மேலே ஐந்து அங்குலப் புனல், உள்ளே ஒரு பாட்டில். பாட்டிலை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் அளவைச் சொல்ல மற்றவர் நீள நோட்டில் எழுதுவார். எழுதுகிறவரும் குடுவையைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். கேட்டு எழுதினால் சார் விடமாட்டார்.

நாடு முழுவதும் வானிலைத் துறை ஒருநாள் மழை என்று சொல்வது, முதல்நாள் காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை பெய்வதைத்தான். "நம்ம கணக்கை மெட்ராஸ்காரங்க கணக்கோட வச்சுப் பார்க்கணும்னா நேரமும் ஒண்ணா இருக்கணும்மா" என்பார் சார். அதனால் ஆடி மாதத்தில்கூட எட்டு மணிக்கே பள்ளிக்கு வந்துவிடுவோம். காலில் ஏறிய அட்டைகளை உப்பு வைத்து உதிர்த்துவிட்டு மழைமானியிடம் போவோம்.

இங்கே வளைகுடாவில் பிறந்த நம் பிள்ளைகளிடம் நீலகிரி என்றால் ஊட்டி என்கிறார்கள், ஸ்வெட்டர் என்கிறார்கள். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்முடையது மலையின் மேற்கு ஓரம். அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தாண்டியதும் முட்டுகிற முதல் சுவர் நாம்தான். கூடலூர், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரைக்கும் நனையும். நடுவட்டம் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டால் மழை பாதியாகிவிடும். குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசிக்குக் காத்திருக்கிற ஊர்கள். அவர்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பயம். 1978 நவம்பர், 1993 நவம்பர், 2009 நவம்பர் என்று அங்குள்ள பெரியவர்கள் வருடம் சொல்லும்போது மாதம் மாறாது. 1993-இல் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்ற இடம் சரிந்தது. 2009-இல் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். மலை ரயில் பாதை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மழைக்காலங்கள், இரண்டு பயங்கள். மாவட்டத்துக்கு ஒரே நிறத்தில் எச்சரிக்கை வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் மனதில் ஓடும்.

சாரின் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது லிட்டர் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதை வைத்துக்கொண்டு அவர் எங்களைப் பள்ளி மைதானத்தை அளக்கச் சொல்வார், கிணற்றை அளக்கச் சொல்வார், கடைசியில் தோட்டத்தை அளக்கச் சொல்வார். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். வானிலை அறிக்கையில் 'அதி கனமழை' என்று சொல்லும் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை என்றால் ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டருக்கும் அதிகம். "இவ்வளவு தண்ணியும் எங்க போகும்னு பாருங்க" என்று ஜன்னலைக் காட்டுவார். எதிர்ச் சரிவில் தேயிலை, அதற்குக் கீழே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், அதற்கும் கீழே ஓடை. கேள்விக்கான விடை ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

என் அம்மா அந்த லைன் ஒன்றில் இருந்துதான் கொழுந்து எடுக்கப் போவார். சாக்கை மடித்துக் கொங்காணி போட்டு, இடுப்பில் படங்கு கட்டி, கூடையோடு விடியலில் கிளம்பிவிடுவார். பெற்றோர் இருவரும், இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். நம் முன்னாள் மாணவர் சங்கத்தில் பாதிப் பேரின் வீட்டுக் கதையும் அதுதான் என்பதால் அதை நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கண்டிச் சீமை மழையைப் பார்த்தவர்கள் ஆதலால் அவர்கள் மழைக்கு அஞ்சியதில்லை; மண்ணுக்கு அஞ்சினார்கள். மழை விட்டு வெயில் அடித்தாலும் இரண்டு நாள் பின்சுவரோரம் பாய் விரிக்க அம்மா விடமாட்டார். சரிவில் இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றுக்கண் திறந்தால், தெளிந்து ஓடிய ஓடை திடீரென்று செம்மண்ணாய்க் கலங்கினால், அல்லது கொட்டும் மழையிலும் ஓடையில் நீர் குறைந்தால், பாத்திரத்தைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட வேண்டும் என்பார். ஓடை குறைந்தால் மேலே எங்கோ மண் அடைத்து நிற்கிறது என்று அர்த்தம். இதைப் பின்னாளில் புவியியல் துறையினர் விளக்கியபோதும் அதே அடையாளங்களைத்தான் சொன்னார்கள். நம் மலையில் பாறைக்கு மேல் சிதைந்து இளகிய செம்மண் ஆழமாகக் கிடக்கிறது. நாள் கணக்கில் இறங்கும் நீர் அதன் அடிவரைக்கும் ஊறி நின்றுவிட்டால், மேலே புல்லும் தேயிலையும் இருப்பதாலோ சுவர் எழுப்பியிருப்பதாலோ அது நிற்காது. வீடு கட்ட, ரோடு போட என்று சரிவைச் செங்குத்தாக வெட்டிய இடத்தில் முதலில் போகும்.

பள்ளிக்கு மேற்கே ஓடை கடந்து வரும் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். இரண்டு பாக்குமரத் தடி போட்ட பாலம்தான் வழி. அவர்களுக்காக சார் ஒரு கணக்கு வைத்திருந்தார். காலை அளவு 50 மில்லிமீட்டரைத் தாண்டினால், மதியச் சாப்பாடு முடிந்ததும் ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கிளம்ப வேண்டும். பெரிய வகுப்பு அண்ணன்மார் இரண்டு பேர் பாலம்வரை கூடப் போக வேண்டும். 100-ஐத் தாண்டினால் அன்றைக்கு அவர்கள் இந்தப் பக்கமே யாராவது கூட்டாளி வீட்டில் தங்கிவிட வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்ல வாட்ச்மேன் தாத்தா போவார். யாரும் உத்தரவு போட்ட விதியல்ல. நோட்டில் பல வருடம் எழுதிவந்த எண்களையும், எந்த நாளில் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவர் எடுத்த முடிவு. நான் படித்த வருடங்களில் அந்தப் பாலம் எத்தனையோ முறை போயிருக்கிறது. ஒரு பிள்ளையும் போகவில்லை.

வானொலியும் கேட்போம். "ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்" என்று வரும். அந்த ஓரிரு இடத்தில் நாம் இருக்கிறோமா என்பதை வானொலி சொல்ல முடியாது. அதை நோட்டுதான் சொன்னது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஜூலை மழை. தொடர்ந்து மூன்று காலைகள் பாட்டில் நிரம்பி வெளிப்பாத்திரத்திலும் நீர் நின்றது. குடுவையில் ஊற்றி, ஊற்றி, கூட்டிக்கொண்டே போனோம். மூன்றாம் நாள் சார் பாடம் எடுக்கவில்லை. கொங்காணியை மாட்டிக்கொண்டு, நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, மேட்டு லைனுக்கு நடந்தார். வீடு வீடாகப் போய், "அக்கா, மூணு நாள்ல முப்பது சென்டிமீட்டருக்கு மேல இறங்கியிருக்கு. இன்னைக்கு ராத்திரி ஸ்கூலுக்கு வந்துருங்க" என்று சொன்னார். எண் புரியாதவர்கள்கூட, சார் நோட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பதற்காகவே கிளம்பினார்கள். கோழிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒரு தாத்தா உட்கார்ந்துகொண்டார். கோழிகளையும் கூடையில் போட்டு எங்கள் ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்து அடைத்தோம்.

அந்த இரவு எனக்கு இன்னும் முழுதாக நினைவிருக்கிறது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கைப்பிள்ளைக்காரிகளுக்குப் படுக்கை. சத்துணவுக் கூடத்தில் பெரிய அண்டாவில் கஞ்சி. தேங்காய்த் துவையலுக்கு யார் வீட்டில் இருந்து தேங்காய் வந்தது என்று தெரியாது, வந்தது. மலையாளம் பேசும் குடும்பங்கள், பணியர் பழங்குடிக் குடும்பங்கள், எங்கள் சிலோன் குடும்பங்கள், எல்லோரும் ஒரே வரிசையில் தட்டு நீட்டினோம். மூன்று மணிக்கு ஒருமுறை சார் அரிக்கேன் விளக்கோடு மழைமானிக்குப் போய்வந்தார். விடிவதற்குள் மேட்டு லைனின் கோடி வீட்டுப் பின்சுவர் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அறைக்குள் இடுப்பளவு மண். மாடு ஒன்று போனது. மனிதர் யாரும் இல்லை. இதற்காக யாரும் சாருக்குச் சால்வை போர்த்தவில்லை. மறுநாள் வழக்கம்போல எட்டரைக்கு அளவு எடுக்கப்பட்டது.

2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஷார்ஜாவில் என் கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தது: நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர். வேலை செய்யும் இடத்தில் உடன் இருந்தவர்களிடம் சொன்னேன். அவர்களுக்கு அது ஓர் எண். எனக்கு உடனே ஏக்கருக்கு 33 லட்சம் லிட்டர் என்று கணக்கு ஓடியது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல், ஒரே நாளில், ஒரே இடத்தில். அன்று மாலையே எல்லைக்கு அப்பால் வயநாட்டின் புத்துமலை சரிந்தது. நம் தாலுகாக்களில் பள்ளிகளெல்லாம் முகாம்களாயின, நம் பள்ளியும்தான். கூடலூரில் புறமணவயல் பழங்குடியினர் ஊரை நீர் சூழ்வது ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் நடப்பது. அங்கிருந்து வந்த குடும்பங்கள் பள்ளி வகுப்பறையில் இருக்கும் படங்களை என் தங்கை அனுப்பினாள். அதே பெஞ்சு அமைப்புதான்.

எண் தெரிந்தால் போதாது, அது என்ன செய்யும் என்றும் தெரிய வேண்டும். இதை அமீரகத்திலும் பார்த்தோம். 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி அல் ஐன் பக்கம் 25 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோது, 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து இல்லாத மழை என்றார்கள். நம் ஊரில் அது மோசமான ஒரு ஆடி நாள். இங்கே தண்ணீர் போக வழி இல்லை; ஷார்ஜா தெருக்களில் பல நாள் நின்றது. நம் சங்கத்துப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டில்களைத் தோளில் சுமந்து மாடி மாடியாக ஏறியதை இந்த மலரில் வேறொருவர் எழுதுவார்.

அதே வருடம் ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் போயின. நம் சேரம்பாடியைத் தாண்டினால் வயநாடு, மேப்பாடி அங்கிருந்து தூரமில்லை. நம் பந்தலூர்ப் பக்கத்தில் இருந்து அங்கே வேலைக்குப் போயிருந்தவர்களும் இறந்தார்கள். உடல்கள் சாலியாற்றில் நிலம்பூர்வரை இறங்கின. நம் பாண்டியாறும் கடைசியில் சேர்வது அந்தச் சாலியாற்றில்தான். அந்தச் செய்திகளுக்கிடையே ஒன்றை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்பற்றாவில் உள்ள ஹியூம் மையம் என்ற அமைப்பு வயநாடு முழுக்கச் சிறு சிறு மழைமானிகளை வைத்து, ஊர்க்காரர்கள் அன்றாடம் அனுப்பும் அளவுகளைத் தொகுத்துவருகிறது. சரிவுக்கு முன் 48 மணி நேரத்தில் புத்துமலையில் 57 சென்டிமீட்டர் பதிவானது. முதல்நாள் அளவைப் பார்த்தே, அபாயம் இருக்கிறது என்று 29-ஆம் தேதி காலையில் அவர்கள் நிர்வாகத்துக்குச் சொல்லியிருந்தார்கள். படித்து முடித்தபோது நம் சார் நோட்டோடு மேட்டு லைனுக்கு நடந்ததுதான் கண்முன் நின்றது. அவருக்குச் செயற்கைக்கோள் இல்லை, செயலி இல்லை. ஆனால் அவர் சொன்ன அளவு நம் ஊர்ச் சரிவின் அளவு; சொன்னவர் எல்லோருக்கும் தெரிந்த ஆள்.

இன்று எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கைப்பேசிக்கே வருகிறது. அரக்கோணத்திலிருந்து பேரிடர் மீட்புப் படை முன்கூட்டியே வந்து தங்குகிறது. மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயப் பகுதிகள் என்று பட்டியலிட்டு வைத்திருக்கிறது. 1077-ஐ அழைத்தால் எடுக்க ஆள் இருக்கிறார்கள். எல்லாம் நல்ல ஏற்பாடு, மனமாரச் சொல்கிறேன். ஆனால் சிவப்பு நிறம் மாவட்டம் முழுவதற்கும் ஒன்று. மேட்டு லைனுக்கும் ஓடைக்கு அந்தப் பக்கத்துக்கும் வெவ்வேறு எண் வேண்டும். சிவப்பு வந்தும் பெய்யாமல் போன இரண்டு நாள் போதும், மூன்றாம் நாள் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஊருக்குள் ஒரு மழைமானியும் தினமும் அதைப் பார்க்கிற கண்களும் வேண்டும்.

சார் ஓய்வு பெற்ற சில வருடங்களில் அளப்பது நின்றுபோயிற்று. புதிய வகுப்பறைக்கு அடித்தளம் தோண்டியபோது மழைமானியைப் பிடுங்கி எங்கோ வைத்தார்களாம், கிடைக்கவில்லை.

இந்த வருடம் நம் சங்கம் பள்ளிக்கு முகப்பு வளைவு கட்டித் தரலாம் என்ற பேச்சு நடக்கிறது. வளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு மழைமானி வாங்கிக் கொடுப்போம். வளைவுக்கு ஆகும் செலவில் அது மிகச் சிறிய பகுதி. பஸ் நிறுத்தத்தில் ஒரு கரும்பலகை வைத்து, அன்றைய அளவையும் அந்த வாரத்தின் மொத்தத்தையும் பிள்ளைகளே எழுதட்டும். எந்த அளவுக்கு எந்த லைன் காலி செய்ய வேண்டும் என்பதை ஊர்ப் பெரியவர்களோடும் தோட்டத் தொழிலாளர்களோடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன், மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

பழைய நோட்டுகள்தான் இனித் தேட வேண்டியவை. அலமாரியில் கிடைத்த சில, செல்லரித்து ஓரம் போயிருக்கின்றன, எண்கள் தெரிகின்றன. உங்களில் யாரிடமாவது அந்தக் கணக்கின் ஒரு பக்கமோ, நகலோ, மழைமானியோடு எடுத்த வகுப்புப் படமோ இருந்தால் மலர்க் குழு முகவரிக்கு அனுப்புங்கள். எந்த வருடம் பாலம் போனது, எந்த லைனில் மண் இறங்கியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி அனுப்பினாலும் உதவும். ஜூன் 1-ஆம் தேதி அளவு தொடங்க வேண்டும், அதற்குள் வந்து சேரட்டும்.