இரண்டு ஈர்க்குகள்

விவசாயப் பாடம் எடுத்த எங்கள் ஆசிரியருக்குக் கரும்பலகையில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஒருநாள் நெட்டையாக ஒன்று, குட்டையாக ஒன்று என இரண்டு ஈர்க்குகளை மேசையில் நட்டு, இரண்டின் நுனியிலும் ஒரே அளவு களிமண் உருண்டையை ஒட்டினார். நெட்டை வளைந்து மேசையைத் தொட்டது, குட்டை நின்றது. "இதுதான் பசுமைப் புரட்சி" என்றார். நான் சிரித்துவிட்டேன். தண்டனையாக ஐ.ஆர்.8 நெல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னார். எனக்குத் தெரிந்த வேளாண்மை அந்த இரண்டு பக்கத்தில் தொடங்கியதுதான்.

பழைய நெட்டை நெல்லுக்கு உரத்தைக் கூட்டினால் கதிர் கனத்து, தாள் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். பிலிப்பைன்ஸின் லாஸ் பானியோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பேட்டாவோடு தைவானின் குட்டை ரகம் ஒன்றைக் கலந்து, 1966இல் ஐ.ஆர்.8ஐ வெளியிட்டது. சுமார் 130 நாளில் அறுவடை; பழைய ரகங்கள் பலவற்றுக்கு 160 நாளுக்கு மேல் வேண்டும். மிச்சமான நாட்களில், நீர் இருந்தால், இன்னொரு போகம். அரிசி ஆலையில் நொறுங்கியதையும் ஆறிய சோறு இறுகியதையும் நான் எழுதவில்லை. புகழ்ந்தே முடித்தேன்.

ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "நீர் இல்லாதவன்?"

அப்போது எனக்குப் பதில் தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. புதிய விதை முதலில் போய்ச் சேர்ந்தது பாசன நிலத்துக்கு. அதுவும் உரம் வாங்கக் கடன் கிடைத்தவர்களுக்கு. மானாவாரி நிலமும், சோளமும் மரவள்ளியும் விளையும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் பல ஆண்டுகள் காத்திருந்தன. விதை சேர்ந்த இடத்திலும் வேறு தொல்லை. பரந்த வயல்களில் ஒரே ரகம். அதன்மேல் ஓயாத மருந்துத் தெளிப்பு. மருந்து முதலில் கொன்றது, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திகளை. புகையான் பெருகியது. 1986இல் இந்தோனேசியா 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது.

இதையெல்லாம்விட என்னை உட்காரவைத்தது ஒரு காட்டு நெல். நெல்லைத் தாக்கும் புல் குட்டை என்ற வைரஸ் நோய்க்கு எதிர்ப்பு தேடி, அதே நிறுவனத்தார் 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். கிடைத்தது ஒன்றே ஒன்று: இந்தியாவில் சேகரித்த ஓரைசா நிவாரா. களை என்று பிடுங்கி எறியத்தக்க சாதி. அதன் எதிர்ப்புத்தான் 1976இல் வந்த ஐ.ஆர்.36 நெல் ரகத்துக்குள் இருக்கிறது.

ஆசிரியரின் முகவரி என்னிடம் இல்லை. இந்த மலர் கைக்கு வரும் நண்பர் யாராவது இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். சிவப்பு மையில் திருத்தி அனுப்பினாலும் சரி.