தா என்றால் வா

அக்டோபர் 3, வெள்ளி

சாப்பிடவில்லை. அத்தையின் நாய் தட்டை மோந்து பார்த்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டான்.

அக்டோபர் 4

இன்றும் இல்லை. காலையில் பால்சோறு, மத்தியானம் தயிர்சோறு, ராத்திரி எதிர்வீட்டு அக்கா கொடுத்த கறிக்குழம்பில் பிசைந்த சோறு. வருகிறான், தட்டுக்கு முன்னால் உட்காருகிறான், என் முகத்தையே பார்க்கிறான். வாயோரத்தில் எச்சில் நூலாகத் தொங்கித் தரையில் சொட்டுகிறது. வாய் மட்டும் வைக்க மாட்டேன் என்கிறான். சாப்பிடுடா, சாப்பிடு ராஜா, என் தங்கம்ல, எல்லாம் சொல்லியாச்சு. அத்தைக்காக விரதம் இருக்கிறான் என்கிறாள் அக்கா. விரதம் இருப்பவனுக்கு எதற்கு இவ்வளவு எச்சில்?

அத்தை இருக்கிற மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை. நானும் போடவில்லை.

அக்டோபர் 5

ராத்திரி பதினொரு மணி. பொறுமை போய், "தின்னு தொலை" என்று கத்திவிட்டேன். அடுத்த நொடி தலை தட்டுக்குள். மூச்சுவிடாமல் தின்றான். தட்டு நகர்ந்து நகர்ந்து சுவரில் போய் முட்டி நின்றது.

இவரிடம் சொன்னேன். ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கிற மனுஷன், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஆமா, அம்மா 'தின்னு'ன்னு சொன்னாத்தான் தொடுவான். தெலுங்குல. உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

மறந்துட்டாராம். இரண்டு நாள் பட்டினி போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 6

ஊசி போட்ட அட்டையில் அவன் பெயர் டைகர். அந்தப் பெயருக்குக் காதுகூட அசையாது. அத்தை கூப்பிடுவது 'நாயனா'. இத்தனை வருஷமும் 'நாய்' என்பதைத்தான் கொஞ்சலாக இழுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பிள்ளையை, அப்பாவை, ஆசையாகக் கூப்பிடும் சொல்லாம். இவரைச் சின்ன வயசில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அதையும் இன்றைக்குத்தான் சொல்கிறார்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம். கோவில்பட்டிக்கு வந்து அடுப்படியில் நான் கால் வைத்ததும் பேச்சு தமிழுக்கு மாறிவிடும். பாதி வாக்கியத்தில் மாறும். மரியாதைக்குத்தான். எனக்கும் தெரியும் அது மரியாதை என்று. விருந்தாளிக்கு நாற்காலி போட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் தரையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவார்களே, அந்த மரியாதை. நானும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இந்த நாய் வந்து ஏழு வருஷம்தான் ஆகிறது.

அக்டோபர் 7

நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

தின்னு. நீள்ளு (தண்ணீர்). கூகோ (உட்கார்). பண்டுகோ (படு). வத்து (வேண்டாம்). பில்லி (பூனை, இதைச் சொல்லவே கூடாது, பின்சுவர் வரைக்கும் ஓட்டம்). போ என்றால் போ, அதில் இரண்டு பாஷைக்கும் சண்டையில்லை.

காலையில் என் செருப்பைக் கவ்விக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றான். "தா, தா" என்று கை நீட்டினேன். செருப்போடு என்னிடம் வந்தான். செருப்பை விடவில்லை. மறுபடி தா. இன்னும் நெருங்கி வந்தான், மூக்கு என் முழங்காலில் இடித்தது. தா. அதற்கு மேல் வருவதற்கு இடமில்லாமல் என்னையே பார்த்தான். இந்த வீட்டில் 'தா' என்றால் 'வா'. மூன்று தடவையும் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது பிராணி. திட்டு வாங்கியது அது.

சாயங்காலம் போனில் சித்தியிடம், "பஸ்ஸுக்கென்ன, உண்டு உண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். உண்டு என்றால் 'இரு', 'நில்லு'. நான் 'போ' சொல்லும்வரை அந்தக் காலை இறக்கவில்லை.

அக்டோபர் 8

ட்யூப் எடுக்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்கிறார்களாம்.

அக்டோபர் 9

தூக்கம் வரவில்லை. போனில் நாய்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். நுரையீரல் தொற்று என்று தட்டிப் படிப்பதைவிட இது தேவலை.

அமெரிக்காவில் சேசர் என்று ஒரு பார்டர் கோலி இன நாய். ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற மனோதத்துவப் பேராசிரியர், எழுபது வயதுக்கு மேல், மூன்று வருஷம் தினமும் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து 1,022 பொம்மைகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எது எதுவென்று குழம்பாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் பெயர் எழுதி. அவர் 2018-இல் போய்விட்டார். சேசர் 2019-இல். நடுவில் அந்த ஒரு வருஷம் யார் அந்தப் பெயர்களைச் சொல்லியிருப்பார்கள்? ஆயிரத்து இருபத்திரண்டையும்?

புடாபெஸ்ட்டில், ஏட்வேஷ் லொராண்ட் பல்கலைக்கழகத்தில், நாய்களை ஸ்கேன் மெஷினுக்குள் ஆடாமல் அசையாமல் படுக்கப் பழக்கிவிட்டார்களாம். 2016-இல் பதின்மூன்று நாய்கள். பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் குரலில், அதே சொல்லை வெற்றுக் குரலில், நாய்க்கு அர்த்தமாகாத சாதாரணச் சொல்லைக் கொஞ்சும் குரலில் என்று மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லும் குரலும் சேர்ந்தபோதுதான் மூளையில் சந்தோஷப்படுகிற இடம் அதிகம் வேலை செய்தது. அப்படியானால் என்னுடைய 'என் தங்கம்ல' வெறும் கொஞ்சல். 'தின்னு தொலை' குரல் கேவலம், ஆனால் சொல் சரி. சோற்றுக்குச் சொல் போதும் போல.

அதே ஊரில் இன்னொன்று. லாரா குவாயா என்ற ஆராய்ச்சியாளர் மெக்சிகோவிலிருந்து குன்குன் என்ற நாயோடு குடிவந்திருக்கிறார். அதுவரை ஸ்பானிஷ் மட்டுமே கேட்டு வளர்ந்த நாய். இங்கே தெருவெல்லாம் ஹங்கேரியன். இதற்கு வித்தியாசம் தெரிகிறதா என்று அவருக்குச் சந்தேகம். பதினெட்டு நாய்களுக்கு ஒரே கதையை இரண்டு பாஷையிலும் போட்டுக்காட்டி ஸ்கேன் எடுத்தார்கள். தெரிகிறது. வயசான நாய்க்கு இன்னும் நன்றாகவே பிரித்தறிய முடிகிறது.

வயசானால் இன்னும் நன்றாக. எனக்கு முப்பத்தெட்டு.

அக்டோபர் 10

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் பையன்கள் வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சிவகாசி பக்கத்தில் இருப்பதன் பலன். கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு நடுங்குகிறான். பட்டியலில் உள்ள எதைச் சொல்லியும் பிரயோஜனமில்லை. அத்தை என்ன சொல்வார்கள்? இவர் போனை எடுக்கவில்லை. நானும் தரையில் படுத்து, கையைக் கட்டிலுக்கடியில் நீட்டி வைத்திருந்தேன். கை மரத்துப்போனது.

அக்டோபர் 11

இதெல்லாம் என் பிரமைதானோ?

ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டது. காலால் தட்டி விடை சொல்லும். 1907-இல் ஃபுங்ஸ்ட் என்பவர் கண்டுபிடித்தார்: சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை லேசாக அசைந்தது, குதிரை நிறுத்தியது. அவ்வளவுதான் கணக்கு.

அதனால் இன்று சோதனை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுப்படிக் கதவை ஒருக்களித்து அதன் பின்னால் நின்று, சந்து வழியாகப் பார்த்தபடி சொன்னேன். கூகோ: உட்கார்ந்தான். பண்டுகோ: நின்றுகொண்டே வாலை ஆட்டினான். மறுபடி. வாலாட்டல். வெளியே வந்து, சொல்லாமல், உள்ளங்கையைத் தரைப்பக்கம் கவிழ்த்தேன். சட்டென்று படுத்துவிட்டான். ஆக, 'பண்டுகோ' அவனுக்குத் தெரியாது. கைதான் தெரியும். பட்டியலில் அடித்துவிட்டேன். ஏனோ அழுகை வந்தது. ஒரு சொல்லுக்குப் போய் அழுவார்களா?

என் 'வத்து' சில சமயம் 'வாத்து' ஆகிவிடுகிறது. அதற்கும் நிற்கிறான். புடாபெஸ்ட்காரர்கள் 2020-இல் நாய்கள் தலையில் கம்பி ஒட்டிப் பார்த்தார்களாம்: தெரிந்த சொல்லையும் சம்பந்தமில்லாத சொல்லையும் மூளை பிரிக்கிறது, ஒரே ஓர் ஒலி மாறிய சொல்லைப் பிரிப்பதில்லை. அது அவனுடைய குறையாம். எனக்கென்னவோ பெரிய மனசு மாதிரி இருக்கிறது. என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஜீவன் இந்த வீட்டில்.

அக்டோபர் 12, ஞாயிறு

கனடாவில் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தார் 165 நாய்களின் வீட்டுக்காரர்களைக் கேட்டிருக்கிறார்கள். சராசரி 89 சொல்லோ சொற்றொடரோ. குறைந்தது 15, அதிகம் 215. வளர்ப்பவர்கள் சொன்ன கணக்கு என்பதால் பிள்ளைப் பாசத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

இவன் பட்டியலில் பதினான்கு. அதில்தான் நானும் நிற்கிறேன். மீதிச் சொற்கள் அத்தையிடம்.

அக்டோபர் 13

மதுரைக்குப் போனேன். பஸ்ஸில் வழிநெடுக ஒரு சொல்லையே சொல்லிப் பார்த்துக்கொண்டு. இவரிடம் கேட்டுக் கற்றது.

ஐந்து நிமிஷம்தான் விட்டார்கள். தலைமுடியை யாரோ இரட்டைச் சடையாகப் பின்னிவிட்டிருந்தார்கள். அத்தைக்கு அது பிடிக்காது. வாயில் ட்யூப். குனிந்து, "அத்தா, தின்னாடு" என்றேன். சாப்பிட்டான். கண் திறந்திருந்தது. கேட்டதா, தெரியவில்லை. என்னைப் பார்த்தார்களா, என் பின்னால் இருந்த விளக்கையா, அதுவும் தெரியவில்லை. இன்னொரு தடவை சொல்வதற்குள் நர்ஸ் போதும் என்றுவிட்டார்.

திரும்பி வந்தால் தெருவே புகார். நான் கிளம்பியதிலிருந்து கேட்டைப் பிறாண்டிப் பிறாண்டி ஊளையிட்டிருக்கிறான். முன்கால் நகத்தில் ரத்தம். மஞ்சள் குழைத்துப் போட்டேன், நக்கிவிட்டான்.

அக்கா சொன்னாள்: "அவுக கடைக்குப் போனாக்கூட கேட்டுகிட்ட நின்னு என்னமோ சொல்லிட்டுத்தான் போவாக. இவனும் பேசாமப் படில போய்ப் படுத்துக்கிடுவான். அன்னைக்குத்தான் ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போயிட்டாங்களே, எங்க சொல்ல?"

என்ன சொல்வார்கள், அக்கா? "எனக்கென்னம்மா தெரியும் உங்க பாஷை."

உங்க பாஷை என்றாள்.

அக்டோபர் 14

இவருக்கும் தெரியவில்லை. "போயிட்டு வரேன்னுதான் சொல்லியிருப்பா." அதைத் தெலுங்கில் சொல்லுங்கள் என்றேன். நாலு விதமாகச் சொன்னார். நாலையும் கேட்டு வாசலில் நின்று சொன்னேன். மூன்றுக்கு ஒன்றுமில்லை. நாலாவதுக்குக் காது இரண்டும் பின்னால் மடிந்தது. எழுந்து போய்ப் படியில் படுத்து, தாடையை முன்கால்மேல் வைத்துக்கொண்டான்.

வஸ்தா.

நான் எங்கும் போகவில்லை. உள்ளே போய்விட்டு உடனே வந்தேன். ஏமாற்றியது மாதிரி இருந்தது.

அக்டோபர் 16

நாலரைக்குப் போன் வந்தது. இவர் ஒன்றும் சொல்லவில்லை, கிளம்பி வா என்று மட்டும். அக்காவை எழுப்பிச் சாவியும் நாள்காட்டித் தாளும் கொடுத்தேன். தின்னு என்று சொன்னால்தான் சாப்பிடுவான், தா என்றால் வருவான், பில்லி வேண்டாம். கண்ணாடி இல்லாமல் தாளைத் தூர வைத்துப் பார்த்துவிட்டு, சரி நீ போ என்றாள்.

கேட்டைச் சாத்திவிட்டு நின்று சொன்னேன். படிக்குப் போனான்.